பேங்குவரை சிரிப்பு

நாயுடுபுரத்தில் ஜோதிமணி செய்யும் சாக்லேட்டை அடித்துக்கொள்ள ஆளில்லை. எதிரே டீக்கடை வைத்திருக்கும் நானே சாட்சி. சீசனில் அவள் கடை வாசலில் நிற்க இடமிருக்காது. ஆனால் யாராவது யாவாரம் எப்படி என்று கேட்டால், முகத்தைத் தொங்கப்போட்டு, "ஏதோ ஓடுதுங்க" என்பாள். எங்கள் ஊரில் எல்லோருமே அப்படித்தான். நன்றாக ஓடுகிறது என்று வாய்விட்டுச் சொன்னால் கண் பட்டுவிடும். பேங்கில் பணம் போடப் போகிறவர்கூட துக்க வீட்டுக்குப் போகிற முகத்தோடுதான் போவார்.

அந்த முகம்தான் அவளைக் கெடுத்தது. போன வருடம் பெங்களூரில் பெரிய கடைகள் வைத்திருக்கும் ஓர் அம்மா சரக்கு எடுக்க வந்து, விற்பனையைப் பற்றிக் கேட்டார். இவள் வழக்கமான பதிலைச் சொன்னாள். ஓடாத சரக்கு எனக்கு எதற்கு என்று அவர் போய்விட்டார். இந்த வருடம் மறுபடி வருவதாகப் போன் வந்தது. அந்த ஆர்டர் கிடைத்தால், மழை மாதங்களில் வேலைக்காரப் பெண்களை நிறுத்த வேண்டியதில்லை.

பக்கத்து மாடியில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்தும் ஜஹீராவிடம் போய் நின்றாள். "நல்லா ஓடுதுன்னு சொல்ல வாய் வர மாட்டேங்குது டீச்சர்."

"அப்ப இங்கிலீஷ்ல சொல்லுங்கக்கா. நம்மூருக் கண்ணுக்கு அது புரியாது."

ஜஹீரா இரண்டு வாக்கியம் சொல்லிக்கொடுத்தாள். வாரிக் குவிக்கிறோம் என்பதற்கு 'ரேக்கிங் இட் இன்'. கொழுத்த லாபம் வந்தால், 'லாஃபிங் ஆல் த வே டு த பேங்க்', அதாவது பேங்குவரை சிரித்துக்கொண்டே போவது.

"சிரிச்சுக்கிட்டா? அந்த ஊர்ல கண்ணேறே கெடையாதா?" என்றாள் ஜோதிமணி.

அந்த அம்மா வந்த அன்று டீ கொண்டுபோனது நான்தான். விற்பனை எப்படி என்று அதே கேள்வி. ஜோதிமணி சுவரைப் பார்த்துக்கொண்டு, "மேடம், வி ஆர் ரேக்கிங் இட் இன்" என்றாள். அவர் சிரித்துவிட்டார். வருடம் முழுவதற்கும் ஆர்டர் கொடுத்தார். எனக்குச் சொந்தத் தங்கை ஜெயித்த மாதிரி இருந்தது.

கார் கிளம்பியதும் உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டாள்.

"கண்ணுக்குத்தான் இங்கிலீஷ் தெரியாதே" என்றேன்.

"அந்தம்மா கண்ணுக்குத் தெரியும்லண்ணே."

"ஆர்டர் பெருசா?"

"ஏதோ கெடைச்சிருக்குண்ணே" என்று முகத்தைத் தொங்கப்போட்டாள்.

மறுநாள் அட்வான்ஸ் செக்கோடு பேங்குக்குக் கிளம்பினாள். கடைவீதியில் துக்க முகம்தான். ஆளில்லாத வளைவில் திரும்பியதும் சிரித்தாள். பால் வாங்கப் பின்னாலேயே போனதால் பார்த்தேன். பேங்கு வாசல்வரை அந்தச் சிரிப்பு ஓயவில்லை.