பல் திமிங்கிலமும் அக்காவின் போனும்

சிவகாசியில் பள்ளிக்கூடச் சார்ட் அச்சடிக்கிற கம்பெனியில் பிழை பார்ப்பது என் வேலை. ஒருநாள் ஆர்டர் கொடுத்தவர்கள் 'மீன்கள்' சார்ட்டில் சுறாவுக்குப் பக்கத்தில் டால்பினைப் போட்டு அனுப்பியிருந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கடல்ல கெடந்தா மீன்தானம்மா? சீசன் நேரத்துல எதுக்கு நோண்டுறீக?" என்றார் முதலாளி.

"குட்டி போட்டுப் பால் குடுக்கும் அண்ணாச்சி. மீன்னு போட்டா பிள்ளைக சிரிக்கும்," என்றேன்.

டால்பினைத் தூக்கிக் கடல் பாலூட்டிகள் சார்ட்டில் வைத்தேன். அங்கே கடல்பசு, சீல், பல்லே இல்லாமல் வாயால் இறாலைச் சலித்துத் தின்னும் பெரிய திமிங்கிலம் எல்லாம் இருந்தன. டால்பின், பல்லுள்ள திமிங்கில வகையறா. அந்த வகையறா இருட்டுத் தண்ணீரில் சத்தம் கொடுக்கும். அது எதிலாவது பட்டுத் திரும்புவதைக் கீழ்த்தாடையில் வாங்கி, எதிரில் இருப்பதை அறியும். சத்தம் திரும்பாவிட்டால் எதிரில் ஒன்றுமில்லை என்று அர்த்தம். சார்ட்டில் இப்படி எழுதியிருந்த அந்த வரியில் திருத்த ஒன்றுமில்லை. ஆனாலும் பேனாவை வைத்துக்கொண்டு அதிலேயே உட்கார்ந்திருந்தேன். அம்மா நினைவு வந்துவிட்டது.

எங்கள் ஊர் ஏழாயிரம்பண்ணைப் பக்கம். எங்கே வெடிச்சத்தம் கேட்டாலும் எல்லா வீட்டிலும் போனைத்தான் எடுப்பார்கள். பட்டாசு ஆலைக்குள் போன் கூடாது. கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். எடுக்க ஆளில்லை என்று தெரிந்தேதான் அடிப்போம். வெளியே ஓடி வந்தவர்கள் போனை வாங்கி 'இருக்கேன்' என்று சொல்கிறவரை யாருக்கும் உயிர் உயிராக இருக்காது.

ஆலை வேலைக்குப் போன என் அக்கா ஒருநாள் அப்படிச் சொல்லவில்லை. அவள் போன் மட்டும் கேட்டிலிருந்து முழுசாக வீடு வந்தது. அதற்கு அம்மா இன்றுவரை சார்ஜ் போடுகிறாள். எங்காவது சத்தம் கேட்டால் முதலில் அந்த நம்பருக்குத்தான் அடிப்பாள். சாமி அலமாரியில் அது அடித்து ஓயும். நிறுத்தச் சொல்லிச் சண்டை போட்டிருக்கிறேன்.

"அது பாட்டுக்கு அடிச்சுட்டுப் போகுது, ஒனக்கென்ன?" என்பாள்.

சார்ட் அச்சுக்குப் போன வாரம் நான் லீவு போட்டு வீட்டில் இருந்தேன். மத்தியானம் ஜன்னல் அதிர்ந்தது. அம்மா கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அலமாரியில் அக்கா போன் அடித்தது. ஓயட்டும் என்று நின்றேன். ஓய்ந்து, மறுபடி அடித்தது. அந்தச் சத்தம் எதிலாவது பட்டாக வேண்டும் என்று தோன்றியது. எடுத்துவிட்டேன்.

"இருக்கேம்மா," என்றேன்.

பிறகு அம்மாவின் குரல் போனிலும் கொல்லையிலுமாக இரண்டு பக்கமும் கேட்டது.

"எம்புட்டு நாளா அடிக்கேன்டி... சாப்பிட்டியா?"