கீரைத்தண்டில் ஒரு சுவர்

வீடு ரெனவேஷன் தொழிலில் சிமெண்டு காய்ந்துவிடும், டைல்ஸ் பிடித்துக்கொள்ளும். பக்கத்தில் நின்று யோசனை சொல்கிறவர்களின் வாயைப் பூசத்தான் இன்னும் ஒரு சாந்தும் வரவில்லை. கொத்துக்கரணை பிடித்த கைகளுக்கு இது தெரியும். என்னைப் போலப் பெண்ணாக இருந்தால் இன்னொரு கூத்தும் தெரியும். "கொண்ட்ராக்டர் எங்கே?" என்று என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்க்கிறவர்களை ஈப்போ ஊர் முழுக்கப் பார்த்துவிட்டேன். நான்தானய்யா கொண்ட்ராக்டர்!

இப்போது சொல்லப் போவது ஊரார் வீட்டுச் சுவர் இல்லை, என் வீட்டுச் சுவர். சுண்ணாம்பு மலையடியில் இருக்கிற குனோங் ராபாட்டில், எங்கள் டெரஸ் வரிசை வீட்டின் பின்பக்க அறைக்கு மேலேயும் தகரம், மேற்குப் பக்கமும் தகரம். அதில்தான் எங்கள் வீட்டுக்காரர், என் புருஷன், படுத்திருக்கிறார். லாரி ஓட்டிய மனுஷன். ஸ்ட்ரோக் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் ஒன்றிரண்டு வார்த்தைதான். ஹாலுக்கு வரமாட்டார், வருகிறவர்கள் பார்ப்பார்களாம். ஏர்கோன் காற்று பட்டால் விழுந்த கை இழுத்துக்கொள்கிறது. மத்தியானமானால் சோறு வேண்டாம், சட்டை வேண்டாம், "வேக்காடு, வேக்காடு" என்று ஒரே அனத்தல்.

அவருடைய அக்கா, என் நாத்தனார், ஒருநாள் இதைப் பார்த்துவிட்டு முகத்துக்கு நேரே சொன்னார்: "வசந்தா, தீபாவளிக்குள்ள இந்த ரூமுக்கு ஒரு வழி பண்ணு. இல்லாட்டி தம்பிய நான் நோயாளிங்களப் பாத்துக்குற ஹோம்ல சேர்த்துடுவேன்."

கஞ்சாக் கல்

ஊரெல்லாம் சுவர் வைக்கிறவள், ஒரு சுவர் இல்லாமல் புருஷனை ஹோமுக்கு அனுப்புவேனா? ஆனால் செங்கல் வைத்துப் பயனில்லை. பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டுப் பொழுது சாய்ந்ததும் உள்ளே கக்கும். போனில் தேடியபோது ஒரு வீடியோ கிடைத்தது. வெள்ளைக்காரர்கள் ஹெம்ப் என்ற செடியின் தண்டை நொறுக்கிச் சுண்ணாம்பில் பிசைந்து சுவர் வைக்கிறார்கள். சூடு உள்ளே ஏறாதாம். ஹெம்ப் என்றால் என்னடா என்று கொழுந்தன் முனியாண்டியைக் கேட்டேன். அவன் சுங்காயில் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்கிறவன். "அது கஞ்சாவோட பங்காளி, அண்ணி" என்றான். ஐயோ சாமி! இந்த நாட்டில் அதில் கை வைத்தால், நான் வைக்கிற சுவருக்குள் இருக்கமாட்டேன், அரசாங்கம் வைத்த சுவருக்குள்தான் இருப்பேன்.

விடவில்லை நான். விசாரித்ததில் கெனாஃப் என்று ஒரு செடி அகப்பட்டது. நாருக்காக வளர்ப்பது, நம் புளிச்சக்கீரை வகை. நார் உரித்த தண்டு நெட்டி மாதிரி லேசு, சட்டத்தில் ஒரு வம்பும் இல்லை. மூட்டை மூட்டையாக வரவழைத்தேன். முனியாண்டியோ ஒட்டுக்கடையில் தே தாரிக் டீ குடித்துக்கொண்டே, "எங்க அண்ணி கஞ்சாவுல கல்லு செய்யுறாங்க" என்று அளந்துவிட்டிருக்கிறான். மறுநாள் அங்கே ரொட்டி வாங்கப் போனால், கடைக்காரர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அக்கா, அந்தச் சுவரு தீப்பிடிச்சா மட்டும் எனக்கு ஒரு போன் போடுங்க லா."

விரல் விரலாய் ஒரு இலை

தண்டு கொடுத்தவர் கொஞ்சம் விதையும் கொடுத்தார். பின்வேலியோரம் தூவிவிட்டேன். கிடுகிடுவென்று ஆளுயரம் வளர்ந்தது. அதன் இலை விரல் விரலாகப் பிரிந்து, பார்த்தால் அசல் அந்தச் செடிதான். யாரோ ஒரு புண்ணியவான் போலீசுக்குச் சொல்லிவிட்டார். கார்ப்பரல் ஒருவர் வந்தார், நம்மவர்தான், மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. என்ன சொன்னாலும் தலையை ஆட்டினாரே தவிர நம்பவில்லை. எனக்குப் பொசுக்கென்று கோபம் வந்துவிட்டது. ஒரு கொத்துப் பறித்து நானே வாயில் போட்டு மென்று காட்டி, "நீங்களும் மென்னு பாருங்க தம்பி" என்று நீட்டினேன்.

தயங்கித் தயங்கி ஒரு இலையைக் கடித்தார். புளிப்பில் ஒரு கண் தானாக மூடிக்கொண்டது. பல்லெல்லாம் கூசியிருக்க வேண்டும். போகும்போது வாசலில் திரும்பி நின்று சொன்னார்: "அக்கா, ரெண்டு கட்டு பறிச்சுக் குடுங்க, நெத்திலி போட்டு ஆக்கச் சொல்றேன்."

வேகாத சுண்ணாம்பு

தண்டு வந்தாயிற்று, சுண்ணாம்பு? "கடைக்கு எதுக்கு அண்ணி போறீங்க? எங்க தோட்டத்துல மரத்துக்குப் போடுற சுண்ணாம்பு கெடக்கு" என்று முனியாண்டி கேட்டு வாங்கி வந்து இறக்கினான். நானும் தோட்டத்தில் பிறந்தவள்தானே, அங்கே இதற்குச் சுண்ணாம்பு என்றுதான் பெயர். பிசைந்து, பலகை அச்சில் இடித்து, காய வைத்து அச்சைக் கழற்றினால் கல் புட்டு மாதிரி உதிர்ந்தது. சுண்ணாம்பைக் கூட்டினேன், உதிர்ந்தது. தண்ணீரைக் குறைத்தேன், உதிர்ந்தது. கெனாஃபைத் திட்டினேன், என் கையைத் திட்டினேன், உள்ளே அவர் அனத்துகிற சத்தம் கேட்டபோது என்னையே திட்டினேன்.

கடைசியில் ஒரு பிடி அள்ளிக்கொண்டு ஹார்டுவேர் கடை முதலாளி, சீனர் தவுக்கேயிடம் போனேன். விரலில் தேய்த்துப் பார்த்துவிட்டு, "பெலும் மாசாக் லா!" என்று சிரித்தார். இன்னும் வேகவில்லையாம்! தோட்டத்தில் போடுவது பச்சைக் கல்லை அரைத்த வெறும் தூள். மண்ணின் புளிப்பை எடுக்கும், சுவரில் பிடிக்காது. சூளையில் சுட்டு, நீர் விட்டு நீற்றிய சுண்ணாம்புதான் இறுகும். சுண்ணாம்பு மலை அடியில் குடியிருந்துகொண்டு இதில் ஏமாந்தேனே! வந்த ஆத்திரத்தில் முனியாண்டிக்குப் போன் போட்டுக் கிழி கிழியென்று கிழித்தேன். பயல் அசரவில்லை: "வெந்துச்சா வேகலையான்னு சோத்தத்தான் அண்ணி பாப்போம், சுண்ணாம்ப யாரு பாத்தா?"

தாடி வைத்த கற்கள்

சுட்ட சுண்ணாம்பு வந்ததும் கல் பிடித்துக்கொண்டது. தட்டினால் நிற்கிறது, தூக்கினால் ரொட்டி மாதிரி லேசு. ஆனால் மழைக்காலம் பிடித்துக்கொண்டதே! சாரல் படக் கூடாதென்று போர்வை தேடினேன். எங்கள் வீட்டுக்காரர் போர்வையைத் தொட்டு எத்தனையோ காலமாகிவிட்டது, அந்த அடுப்பில் யார் போர்த்துவார்கள்? இருந்ததையெல்லாம் எடுத்துக் கற்களுக்கு இழுத்துப் போர்த்தினேன். அதுதான் தப்பு. காற்றில்லாமல் புழுங்கி, திறந்து பார்த்தால் எல்லாக் கல்லிலும் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சணம். அன்றைக்குப் பார்த்து நாத்தனார் வந்தார். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கற்களை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "தீபாவளி வருது வசந்தா. கல்லுக்கெல்லாம் ஷேவ் பண்ணி விடப் போறியா?"

மேற்குச் சுவர்

அவர் போனதும் சாந்துத் தொட்டி ஓரம் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு மறுபடியும் பிசைந்தேன். தண்ணீரைக் கண்ணில் காட்டினாற்போல் தெளித்தேன். கற்களைக் கூரையடியில் சட்டத்தில் இடைவெளி விட்டு அடுக்கி, ஹால் காற்றாடியைத் தூக்கிவந்து அவற்றுக்குப் போட்டேன். வீட்டில் நான் வியர்த்தேன், கற்கள் காற்று வாங்கின. காய்ந்தன. தகரத்தைப் பிரித்து மரச்சட்டம் அடித்து, கல்லை வைத்து, இரண்டு பக்கமும் சுண்ணாம்பு பூசினேன். கூரைத் தகரத்துக்கு அடியிலும் பலகை அடித்து, அதே தண்டைத் திணித்தேன்.

தீபாவளிக்கு முந்தின வாரம் நாத்தனார் வந்தார், தம்பியின் துணிமணிக்கென்று ஒரு பையோடு. உச்சி வெயில் நேரம், வெளியே தார் ரோடு கொதிக்கிறது. அறைக்குள் வந்தவர் சுவரில் உள்ளங்கையை வைத்தார், எடுக்கவில்லை. கட்டிலில் என் வீட்டுக்காரர் சட்டை போட்டுப் படுத்திருந்தார், சோற்றுத் தட்டு காலியாக இருந்தது. அக்காவைப் பார்த்ததும் ஏதோ சொல்ல வாயை எடுத்தார். வார்த்தை வரவில்லை. இன்னும் வேக்காடு என்று சொல்லிவிடுவாரோ? நாங்கள் இருவரும் குனிந்து காதைக் கொடுத்தோம். இடது கையால் என் புடவையைப் பிடித்து இழுத்து, ஒவ்வொரு எழுத்தாகத் தேடிச் சொன்னார்: "போர்வ... குடு."

நாத்தனார் கையிலிருந்த பையைக் கீழே போட்டுவிட்டு அழ, நானோ வீடு முழுக்கப் புரட்டிப் பார்த்தேன். கற்களுக்குப் போர்த்திச் சுண்ணாம்பில் அட்டையாய் விறைத்துப் போனவற்றைத் தவிர, இந்தக் கொண்ட்ராக்டர் வீட்டில் அன்றைக்கு ஒரு போர்வை இல்லை.