நனையாத வேட்டித் துணி

என் மகனுக்குச் சிறுநீரகம் இரண்டுமே இல்லை. வயிற்றில் உருவாகும்போதே இல்லை. எட்டாம் மாதம் திருப்பதியில் ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா அதைச் சொன்னார். ஆறாம் மாதமே புத்தூரில், வயிற்றில் நீர் குறைச்சலாக இருக்கிறது, உடனே திருப்பதிக்குப் போங்கள் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். எங்கள் வீட்டில் யாரும் அதை ஒரு நோயாக எடுத்துக்கொள்ளவில்லை. நீர் குறைந்தால் குடித்தால் சரியாகிவிடும், அவ்வளவுதானே. நகரியில் விசைத்தறிச் சத்தத்துக்கு நடுவே நூல் சுற்றிக்கொண்டே இளநீராகக் குடித்துத் தள்ளினேன். குடித்தது பூராவும் எனக்குத்தான் மூத்திரமாகப் போனது.

வயிற்றில் பிள்ளையைச் சுற்றி இருக்கிற நீரே பெரும்பாலும் பிள்ளையின் மூத்திரம்தான் என்றார் டாக்டரம்மா. அது இல்லாவிட்டால் நுரையீரலும் வளராதாம். பிறந்தால் கொஞ்ச நேரம் இருப்பான், அவ்வளவுதான் என்றார். நான் ஒன்றுதான் கேட்டேன். உயிர் இருக்கும்போதே அவனை என் கையில் கொடுக்க வேண்டும். கொடுக்கிறேன் என்றார். அதற்கு மேலும் எனக்குள் ஒரு பேராசை இருந்தது. என் மேல் ஒரு சொட்டு மூத்திரம் போய்விட்டான் என்றால் ஸ்கேன் பொய். அந்த ஒரு சொட்டை நினைத்துத்தான் பிரசவ வலியைப் பல்லைக் கடித்துத் தாங்கினேன்.

எங்கள் பக்கத்தில் பிறந்த பிள்ளைக்குப் புதுத்துணி போடமாட்டார்கள். தாய்வீட்டிலிருந்து பழைய வேட்டியைக் கிழித்துத் துவைத்துக் கொண்டுவர வேண்டும். டாக்டர் அப்படிச் சொன்ன பிறகும் அண்ணன், நாங்கள் நைனா என்று கூப்பிடும் அப்பாவின் வேட்டியைக் கிழித்து ஒரு பை நிறையக் கொண்டுவந்திருந்தான். பிறந்ததும் மகனை எதிர் அறைக்கு எடுத்துப்போய் மூச்சுக்குக் குழாய் வைத்தார்கள். என்னை வார்டில் படுக்க வைத்தார்கள். நடுவில் ஒரு வராண்டா மட்டும்தான்.

அந்த வராண்டாவில்தான் அடிதடி. கட்டிலில் இருந்தே எல்லாவற்றையும் பார்த்தேன். எங்கள் வம்சத்திலேயே இப்படிக் கிடையாது, இது பெண் வீட்டுக் கோளாறு என்று மாமியார் ஆரம்பித்தாள். அண்ணன் என் புருஷனின் சட்டையைப் பிடித்தான். "வயித்துல தண்ணி வத்துற வரிக்கும் எந்தங்கச்சிய தறிகிட்ட ஒக்கார வெச்சிக்கினு இருந்தியே, நீ மனுசனாடா?" என்றான். புருஷன் கையிலிருந்த சாப்பாட்டுக் கேரியரால் அவன் வாயிலேயே அடித்தான். அண்ணனுக்குப் பல் உடைந்தது. அவன் என் புருஷனின் தலையைப் பிடித்துச் சுவரில் மோதினான். சொந்தக்காரர்கள் விலக்கிவிடப் போய், அவர்களும் அடித்துக்கொண்டார்கள். துணிப்பை கிழிந்து கீழே கொட்டியது. அடிபட்டவன் எல்லாம் என் மகனின் துணியை எடுத்து மூக்கையும் வாயையும் துடைத்தான். இது யார் குற்றமும் இல்லை என்று டாக்டரம்மா முன்பே அத்தனை பேரையும் உட்கார வைத்துச் சொன்னது ஒருவன் மண்டையிலும் ஏறவில்லை.

எதிர் வாசலில் நர்ஸ் என் மகனை ஏந்திக்கொண்டு நின்றாள். குழாயை எடுத்துவிட்டிருந்தார்கள். என்னிடம் கொடுக்கத்தான் கொண்டுவருகிறாள். "ஜரகண்டி, ஜரகண்டி" என்று கத்தினாள். மலை மேல் சாமியை ஒழுங்காகப் பார்ப்பதற்குள் நம்மைத் தள்ளிவிடுகிற அந்தச் சொல்லுக்கு இங்கே ஒருவனும் நகரவில்லை. பிள்ளையின் மார்பு எக்கி எக்கி அடங்குவது எனக்குத் தெரிந்தது.

கையிலிருந்த ஊசியைப் பிடுங்கிப் போட்டேன். குளுக்கோஸ் பாட்டில் மாட்டியிருந்த கம்பியைத் தூக்கிக்கொண்டு போய் முதலில் புருஷன் முதுகில் போட்டேன், அப்புறம் அண்ணன் தோளில். கொல்ல வேண்டும் என்றுதான் அடித்தேன். என் காலெல்லாம் ரத்தம் வழிந்தது.

"அவன் போய்க்கினு கீறான்டா. வழிய உடுங்கடா."

விட்டார்கள். நர்ஸ் அவனை என் கையில் வைத்தாள். பையின் அடியில் ரத்தம் படாமல் ஒரே ஒரு துண்டு மிச்சமிருந்தது. அதில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். கொஞ்சம் மூச்சு விட்டான். அப்புறம் விடவில்லை.

புதைக்க எடுத்துப்போக அண்ணன் கையை நீட்டினான். வாய் வீங்கியிருந்தது. நான் கொடுக்கவில்லை. துணிக்குள் கையை விட்டுத் தொடை இடுக்கு வரைக்கும் தடவிப் பார்த்தேன். வெயிலில் காய்ந்த வேட்டி மொடமொடவென்று அப்படியே இருந்தது.

"நீயும் ஒரு தபா தொட்டுப் பாருண்ணா. எங்கியாவது நனைஞ்சிருக்கும்" என்றேன்.

அவனும் கையை விட்டுப் பார்த்தான்.