கடற்கரையில் ஒரு தேயிலைக் கட்டை

என் வீட்டுக்காரர் யோகேந்திரனைப் பற்றி ரத்தோட்டைச் சந்தியில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: தங்கமான மனிதர், இருக்கிற இடம் தெரியாது. இருக்கிற இடம் தெரியாத மனிதரோடு குடும்பம் நடத்திப் பார்த்தால்தான் தெரியும். ஒரு வார்த்தை வாங்குவதற்குள் எனக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றிவிடும். பெண் பார்க்க வந்த அன்றும் அவருடைய மாமாதான் பேசினார். இவர் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்துவிட்டு, போகும்போது "ருசியா இருந்திச்சி" என்றார். அதை நம்பித்தான் கழுத்தை நீட்டினேன்.

நான் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள். அவர் ஆட்டோ ஓட்டுகிறவர். ரிவர்ஸ்டன் மலையைப் பார்க்கக் கொழும்பிலிருந்து வருகிற இளவட்டங்களை மேலே ஏற்றிக்கொண்டு போய் விடுவார். அதுகள் முதுகில் டென்ட் சுமந்துகொண்டு வரும். "வீட்ட வச்சிக்கிட்டு துணிக்குள்ள போயி படுக்குதுங்க" என்று ஒருநாள் சாப்பிடும்போது சொன்னார். எங்கள் மகள் நிஷாந்தி சிரித்துச் சிரித்துப் புரையேறி, நான் அவள் தலையில் தட்டவேண்டியதாகிவிட்டது. அவர் சொன்ன பகிடி என்று எனக்கு ஞாபகத்தில் இருப்பது அது ஒன்றுதான்.

போன மழைக்காலத்தில் மலை சரிந்து நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளின் மேல் விழுந்தது. நான் வரிசையில் கடைசிக் காம்பராவில் பிள்ளை பெற்றிருந்தவளுக்குச் சுடுதண்ணீர் கொடுக்கப் போயிருந்தேன். இவர் ஆட்டோவை மேட்டில் நிறுத்துவதற்காகத் தார் ரோட்டுக்குப் போயிருந்தார். நிஷாந்தி தூங்கிக்கொண்டிருந்தாள். மாத்தளையில் ஒரு புடவைக் கடையில் அவளுக்கு வேலை. மழையென்று கடையைப் பூட்டியதால் வீட்டில் நின்றாள். எங்கள் காம்பராவும் பக்கத்துக் காம்பராக்களும் மண்ணோடு ஓடைக்குள் போய்விட்டன. மற்றவர்களைத் தோண்டி எடுத்தார்கள். அவள் மட்டும் கிடைக்கவில்லை. ஓடை கொண்டுபோயிருக்கும் என்றார்கள்.

நான் அழவில்லை. வந்தவர்களெல்லாம் என் முகத்தைத்தான் பார்த்தார்கள், எப்போது அழுவாள் என்று. பல் பிடுங்க ஊசி போட்டால் வாய் எப்படி இருக்கும், அப்படி உடம்பு முழுவதும் இருந்தது. சோறு போட்டார்கள், சாப்பிட்டேன். பள்ளிக்கூடத்தில் படுக்கச் சொன்னார்கள், படுத்தேன். பள்ளிக்கூடம் திறக்கவேண்டும் என்று எங்களை விளையாட்டு மைதானத்துக்கு மாற்றியபோது, கண்டியிலிருந்து யாரோ பிள்ளைகள் வந்து ஆளுக்கொரு சின்ன டென்ட் கொடுத்துவிட்டுப் போனார்கள். இவர் அதை விரித்து, கம்பிகளைக் கோர்த்துக் கட்டினார். மலையேறுகிற பிள்ளைகள் கட்டுவதைப் பார்த்துப் பழகிய கை.

எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். என் பிள்ளைக்குக் காரியம் செய்யவேண்டும். செய்யாவிட்டால் அவள் இங்கேயும் இல்லை, அங்கேயும் இல்லை. கோயில் பூசாரி மாரிமுத்து அண்ணன் மைதானத்துக்கே வந்து இவரிடம் பேசினார்.

"உடம்பு கெடைக்காட்டி தர்ப்பையில உருவம் செஞ்சு அடக்கலாம் தம்பி. சாஸ்திரத்துல இருக்கு. கல்யாணமாகாத புள்ள, பொதைக்கிறதுதான் நம்ம வழக்கம்."

"பொதைக்க வேணாம்" என்றேன் நான். "அவ மண்ணுக்குள்ள கெடந்தது போதும். எரிங்க."

இவர் எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். "புல்லுக்குக் கொள்ளி வைக்க எனக்கென்ன பைத்தியமா" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அவளைப் பார்க்காமல் காரியத்தைத் தொடமாட்டாராம். மாதங்கள் போயும் அதே பேச்சுத்தான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. உடம்பெல்லாம் மரத்துப்போய்க் கிடந்தாலும் ஆத்திரம் மட்டும் எப்படியோ பிழைத்துக்கொண்டது.

சித்திரை வருசம் பிறந்து, வெயில் சரியாக ஏறிய பிறகு ஒருநாள் காலையில் டென்ட்டைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"எங்க போறீங்க?"

"கடலுக்குப் போவோம் காந்தா. நீயும் வா. ட்ரிப் மாதிரி."

டென்ட்டில் கிடந்து முதுகு முறிந்தது போதாதென்று இன்னோர் இடத்தில் போய் டென்ட் கட்டிப் படுக்க ஒரு ட்ரிப்பா என்று கத்தினேன். சுற்றியிருந்த டென்ட்டுகளிலிருந்து தலைகள் எட்டிப் பார்த்தன. அவர் சுருட்டி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"நம்ம ஓடை சுது கங்கையில விழுவுது. அது அம்பன் கங்கையில. அது மகாவலியில. மகாவலி திருகோணமலைப் பக்கம் கடலுக்குப் போவுது."

அந்த வருசம் அவர் அவ்வளவு பேசியது அன்றைக்குத்தான். அதற்கு மேல் எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

"கடலப் பார்த்துட்டு வந்தா காரியம் செய்வீங்களா?"

"பார்ப்போம்" என்றார்.

ஆட்டோவின் பின்சீட்டில் நிஷாந்தியின் கம்பளி ஸ்வெட்டர் கிடந்தது. மலை சரிவதற்கு முந்தின நாள் வேலை முடிந்து வரும்போது கழற்றிப் போட்டது. அவளுடையது என்று எங்களிடம் மிஞ்சியது அதுதான். அதை எடுக்கவும் விடமாட்டார், அதன் மேல் யாரையும் உட்காரவும் விடமாட்டார். நான் அதற்குப் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்தேன். நாவுலையைத் தாண்டியதும் வெக்கை. தம்புள்ளையில் மரக்கறி லொறிகளுக்கு நடுவில் நிறுத்திச் சோற்றுப் பார்சல் வாங்கி வந்தார். மூன்று பார்சல். மூன்றாவதைக் கந்தளாய்ப் பக்கம் ஒரு நாய்க்கு வைத்தேன். அவர் அதைப் பார்க்காத மாதிரி டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் நாள் நிலாவெளியில் தங்கினோம். அதற்கு முன்னால் நான் கடல் பார்த்ததில்லை. எல்லோரும் சொன்னதுபோல பெரிதாகத்தான் இருந்தது. வெயில் பளபளவென்று அடித்தது. ஒரு பஸ் நிறைய வந்தவர்கள் மேளம் தட்டி பைலா ஆடிக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. கால் நனைத்தேன், உப்புத் தண்ணீர் என்று தெரிந்தது, வந்து உட்கார்ந்தேன். அவர்களில் ஒரு பெண் போனைக் கொடுத்துப் படம் எடுக்கச் சொன்னாள். எடுத்துக் கொடுத்தேன்.

"அக்காவும் மாமாவும் ட்ரிப் வந்தீங்களா?"

"ஆமா, ட்ரிப்" என்றேன். மாமாவாம். அவர் அங்கே தண்ணீர் ஓரத்தில் குனிந்து குனிந்து நடந்துகொண்டிருந்தார். சிப்பி பொறுக்குகிறார் என்று அந்தப் பெண் நினைத்திருப்பாள்.

அன்றிரவு நான் நன்றாகத் தூங்கினேன். அங்கே தலைக்கு மேலே மலை இல்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் தட்டைத் தரை. மைதானத்தில் மழை தூறினாலே எழுந்து உட்காருகிறவள், அங்கே விடிந்ததுகூடத் தெரியாமல் கிடந்தேன். எழுந்ததும் எனக்கு என் மேலேயே வெறுப்பாக இருந்தது. பிள்ளையைத் தேடி வந்த இடத்தில் தாய்க்குத் தூக்கம் கேட்கிறது.

அடுத்த நாள் கிண்ணியாப் பாலத்தைத் தாண்டி மூதூர் போனோம். கங்கை கடலோடு சேர்கிற பக்கம் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். இவர் கேட்காமலேயே போய்க் கயிற்றைப் பிடித்து இழுத்தார். வலைக்காரர் ஹுஸ்னி என்பவர், நல்ல மனிதர், இழுத்து முடிந்ததும் எங்களுக்கு மீன் கொடுத்து எங்கிருந்து வருகிறோம் என்று விசாரித்தார். மாத்தளைப் பக்கம் என்றதும் அவர் முகம் மாறிவிட்டது.

"அந்த வெள்ளத்துக்கு உங்கட பக்கத்துச் சாமானெல்லாம் இங்கதான் வந்திச்சி. மாடு, கதவு, கேஸ் சிலிண்டர். மரமெண்டா சொல்லி முடியா."

"ஆளுங்க?" என்று கேட்டார் இவர்.

ஹுஸ்னி வலையை மடிப்பதை நிறுத்தினார். "உங்கட ஆளா?"

"மக."

"இங்க ஒருத்தரும் வரல்ல, அண்ணன். வந்திருந்தா நாங்க கையேந்தி அடக்கியிருப்பம். வெருகல் பக்கமும் ஒரு கிளை கடலுக்குப் போகுது. அங்கயும் கேட்டுப் பாருங்க. அல்லாஹ் உங்களுக்குப் பொறுமையத் தரட்டும்."

கேட்டுப் பார்க்கச் சொல்லிவிட்டார் அல்லவா, இனி இவர் விடுவாரா. வெருகல் ஆற்றைத் தாண்டி வெறிச்சோடிய ஒரு கரையில் டென்ட் கட்டினோம். போகிற வழியில் பார்த்தவர்களையெல்லாம் நிறுத்தி விசாரித்தார். ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. இந்தக் கரை முடிந்தால் மட்டக்களப்பு, அதற்கப்புறம் இன்னொரு கரை. இலங்கையைச் சுற்றி வந்தாலும் இவர் "பார்ப்போம்" என்றுதான் சொல்லுவார் என்று எனக்கு விளங்கிவிட்டது. மீனைக் கழுவினேன். கரையில் மேட்டில் ஒதுங்கிக் கிடந்த விறகைப் பொறுக்கி, ஒடித்து, மூன்று கல் வைத்துச் சமைத்தேன். விறகு நன்றாகக் காய்ந்து, நின்று எரிந்தது. தீயில் கொஞ்சம் நீலம் தெரிந்தது. உப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

காலையில் தேத்தண்ணிக்குத் தீ மூட்டும்போதுதான் பார்த்தேன். கையில் இருந்த கட்டை கனமாக, முடிச்சு முடிச்சாக இருந்தது. ஒரே இடத்தில் வருசக்கணக்காகக் கத்தி பட்டு, ஆறி, மறுபடியும் பட்ட முடிச்சு. கவ்வாத்து வெட்டின தேயிலைச் செடி. அந்த வெட்டில் விழுகிற குச்சிகளைத்தான், மிலாறு என்போம், காலமெல்லாம் கட்டுக்கட்டாகத் தலையில் சுமந்து வந்து அடுப்பெரித்தேன். முந்தின நாள் என் கை அதைத் தெரிந்துதான் ஒடித்திருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை. நிமிர்ந்து பார்த்தால் கரை மேடு நெடுக அதுதான், வேரோடு பிடுங்கி வந்த தேயிலை, வெயிலில் வெளுத்துப்போய்க் கிடந்தது.

கட்டையைச் சட்டென்று அடுப்புக்குள் தள்ளிவிடலாமா என்று யோசித்தேன். ஏனென்றால் இந்த மனிதர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். தேயிலை இங்கே வரை வந்திருக்கிறதென்றால் அவளும் வந்திருப்பாள், வா தேடுவோம் என்பார். பிறகு சாகும் வரைக்கும் எனக்கு டென்ட்தான். என் பிள்ளைக்குக் காரியமும் இல்லை. அவர் அதற்குள் என் பின்னால் வந்து நின்றுவிட்டார்.

"என்ன அது?"

கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். தோட்டத்தில் பிறந்தவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டுமா.

"இவ்வளவு தூரம் வருது" என்றார்.

கட்டையை என் கையில் தந்துவிட்டுக் கரையோரமாக நடக்க ஆரம்பித்தார். நான் நினைத்ததுதான் நடக்கிறது என்று அடுப்பை அணைத்தேன். தேத்தண்ணியும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். டென்ட்டைப் பிடுங்கி எறிந்துவிட்டு பஸ் ஏறி ஊருக்குப் போய்விடலாம் போல இருந்தது. அவர் வெகு தூரம் போய்ச் சின்னதாகத் தெரிந்தார். பிறகு பெரிதாகிக்கொண்டே வந்தார். இரண்டு கையாலும் அணைத்து எதையோ சுமந்து வந்தார்.

தேயிலைக் கட்டைகள். மணலில் இறக்கி வைத்துவிட்டு மறுபடியும் போனார். மறுபடியும் கொண்டுவந்தார். தடித்ததை அடியில், மெல்லியதை மேலே என்று நீளவாட்டில் அடுக்கினார். ஓர் ஆள் நீளம் வந்ததும் எனக்கு விளங்கியது. அதற்கப்புறம் நானும் பொறுக்கப் போனேன்.

அடுக்கி முடித்ததும் ஆட்டோவிலிருந்து ஸ்வெட்டரை எடுத்து வந்தார். அதை அவர் தொட்டதை மலை விழுந்த பிறகு நான் பார்க்கவில்லை. மேலே விரித்தார். இரண்டு கைகளையும் நேராக இழுத்து வைத்தார். பட்டன்களைப் பூட்டினார்.

"புல்லுக்கு வைக்கமாட்டேன்னுதான் சொன்னேன்" என்றார். "இது அவ கூட வந்தது."

மண்குடத்துக்கு எங்கே போவது. தண்ணீர்ப் போத்தலில் கத்தியால் ஓட்டை போட்டு, தோளில் வைத்துக்கொண்டு சுற்றி வந்தார். நான் அரிசிப் பையைத் திறந்து ஒரு பிடி அள்ளி, ஸ்வெட்டரின் கழுத்துக்கு மேலே, வாய் இருக்கவேண்டிய இடத்தில் போட்டேன். அவள் சோற்றை எப்போதும் அவசர அவசரமாகத்தான் அள்ளிப் போடுவாள், பஸ் போய்விடும் என்று. மெதுவா தின்னு என்று திட்டிக்கொண்டே இருப்பேன். அன்றைக்கும் வாய்க்குள் அதுதான் வந்தது, சொல்லிவிட்டேன். ஆட்டோவிலிருந்து எடுத்த பெற்றோலைக் கொஞ்சம் ஊற்றிவிட்டு, முதுகைத் திருப்பிக்கொண்டு, கையைப் பின்னால் நீட்டிக் கொள்ளி வைத்தார்.

கொள்ளி வைத்தவர் திரும்பிப் பார்க்கக் கூடாது. அவருடைய அப்பாவுக்கும் அப்படித்தான் செய்திருப்பார். கடலில் இறங்கி ஒரு முழுக்குப் போட்டுவிட்டு, ஈர உடம்போடு ஆட்டோவை நோக்கி நேராக நடந்தார். உள்ளே ஏறி உட்கார்ந்து, பக்கக் கண்ணாடியைக் கையால் மடக்கிவிட்டார்.

"காந்தா, வா."

எங்கள் ஊரில் பெண்களைச் சுடுகாட்டுக்கு விடமாட்டார்கள். ஒப்பாரி வைத்துவிட்டு வாசலோடு நின்றுகொள்ளவேண்டும். அதனால் திரும்பிப் பார்க்கக் கூடாதென்று எனக்கு யாரும் சொன்னதில்லை. நான் தீயைப் பார்த்துக்கொண்டு அங்கேயே மணலில் உட்கார்ந்தேன். தேயிலைக் கட்டை லேசில் எரிந்து முடியாது. ஸ்வெட்டர் போனது, முடிச்சுகள் சிவந்து கிடந்தன, வெயில் உச்சிக்கு வந்தது. அவர் இன்னொரு தடவை கூப்பிடவில்லை. நான் எழுந்து போய் பின்சீட்டின் நடுவில் உட்கார்ந்தபோது முன்னால் பார்த்தபடியே கேட்டார்.

"முடிஞ்சிருச்சா?"

"முடிஞ்சிருச்சு" என்றேன்.

அவர் ஸ்டியரிங் கம்பியின் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதார். நான் அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தேன். எனக்கு இன்னும் வரவில்லை.