அண்ணி கை பட்டால் விழுகிற மெஷின்

அலுவலகத்தில் அவளுக்கு மிளகாய் என்று பெயர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவளைக் கேட்காமல் அவளுடைய நாற்காலியை இழுத்துக்கொண்டு போன ஒருவனிடம் அவள் பேசிய பேச்சில் ஒட்டிக்கொண்ட பெயர் அது. அவளுக்கும் அதில் வருத்தமில்லை. மூக்கின்மேல் கோபம் இருக்கிறவர்கள் முதுகுக்குப் பின்னால் பேசமாட்டார்கள் என்பது அவள் கட்சி.

அவளுடைய கம்பெனி ஸ்கேன் சென்டர்களுக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்தது. எங்காவது ப்ரோகிராம் படுத்துவிட்டால், ஏன் படுத்தது என்று தோண்டிக் கண்டுபிடிப்பது அவள் வேலை. அப்படியொரு சென்டரில்தான் அவளுடைய அண்ணி வரவேற்பு மேசையில் இருந்தாள். வீட்டில் அண்ணனும் அண்ணியும் கீழே, மிளகாய் மாடியில். சாப்பாடு எல்லோருக்கும் ஒரே மேசையில்.

ஒரு சாயங்காலம் மிளகாய் வீடு திரும்பியபோது அண்ணி செருப்பைக்கூடக் கழற்றாமல் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். முகம் செத்துப்போயிருந்தது.

"என்ன அண்ணி?"

"என்னைப் பின்னாடி ரூமுக்குத் தள்ளிட்டாங்க. இனிமே நான் எக்ஸ்ரே படத்தைக் கவர்ல போட்டு ஒட்டணுமாம்."

"எதுக்கு?"

"நான் உட்கார்ந்தா மட்டும் கம்ப்யூட்டர் விழுதாம். மத்தவங்க உட்கார்ந்தா ஜம்முனு ஓடுதாம். என் கை ராசி சரியில்லைன்னு மேனேஜர் சொல்றார். ஹால் நிறைய ஜனம் இருக்கு, அத்தனை பேர் முன்னாடியும் சொன்னார்."

ப்ரோகிராம் விழும்போதெல்லாம் சேமிக்காத ஸ்கேன் படங்களும் கூடவே போய்விடுமாம். வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டுப் பல்லைக் கடித்தபடி படுத்து எழுந்த கர்ப்பிணிப் பெண்ணை, மறுபடி தண்ணீர் குடித்துவிட்டு வந்து படு என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்கிற வேலை அண்ணியுடையது. திட்டு வாங்கிக்கொள்கிற வேலையும் அவளுடையதுதான்.

"உன் கம்பெனிச் சாமான்தானே அது?" என்றான் அண்ணன், கதவருகில் நின்றபடி. "நல்லா இருக்கும்னு நீதானே சொன்னே?"

மிளகாய் அண்ணியைத் தாண்டி மாடி ஏறினாள். நின்று பேசினால் அண்ணன்மேல் பாய்ந்துவிடுவோம் என்று அவளுக்கே தெரிந்தது. ராசியாம்! மெஷினுக்கு ஆள் பார்த்துப் பழகத் தெரியுமா?

மறுநாள் அலுவலகத்தில் சொல்லிவிட்டு நேராகச் சென்டருக்குப் போனாள். மேனேஜர் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்து எழுந்திருக்கவே இல்லை. "எங்க ஆளுக்கு ஒழுங்கா டைப் பண்ண வரலைம்மா. மெஷின்ல ஒண்ணும் கோளாறு இல்ல," என்றார். கம்பெனியின் மெஷினுக்கு அவரே வக்கீலாக இருப்பதைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

பின்னறையிலிருந்து அண்ணியைக் கூட்டிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார வைத்தாள். "நீங்க வழக்கமா எப்படிச் செய்வீங்களோ அப்படியே செய்யுங்க அண்ணி. எதையும் மாத்தாதீங்க."

வித்தியாசம் உடனே தெரிந்தது. மற்ற பெண்கள் அவசரத்துக்கு ஆங்கிலத்தில் நாலெழுத்தைத் தட்டிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள். அண்ணி அப்படியில்லை. நேரம் குறித்துக்கொள்ள நோயாளிகள் அனுப்பிய செய்தியிலிருந்து, அவர்களே தமிழில் எழுதிய பெயரை அப்படியே நகலெடுத்துப் போட்டாள்.

"எதுக்கு அண்ணி இவ்வளவு மெனக்கெடறீங்க?"

"பேரு தப்பா இருந்தா, இது என் ரிப்போர்ட் இல்லைன்னு பயந்துடறாங்க. வயித்துல கட்டியான்னு பார்க்க வந்தவங்ககிட்ட அந்த விளையாட்டு வேண்டாம்."

அந்தப் பெயரில்தான் ப்ரோகிராம் ஃபைலைச் சேமித்தது. அதே பெயரை மிளகாய் தன் கையால் அடித்துப் பார்த்தாள். ஓடியது. அண்ணி நகலெடுத்ததைப் போட்டாள். விழுந்தது. இரண்டையும் மேலும் கீழுமாக வைத்துப் பார்த்தால் ஒரு புள்ளிகூட மாறவில்லை. அச்சு அசலாக ஒரே பெயர். அம்புக்குறிப் பொத்தானை அழுத்தி ஒவ்வோர் எழுத்தாகத் தாண்டிக்கொண்டே வந்தாள். ஓரிடத்தில் அழுத்தியும் திரையில் மின்னுகிற கோடு நகரவில்லை. மறுபடி அழுத்தினாள், நகர்ந்தது.

நடுவில் கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்து இருந்தது. எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிவிடாமல் இருக்கச் சில போன்கள் இடையில் செருகுகிற குறி அது. சேமிக்கும்போது கம்பெனி ப்ரோகிராம் அதையும் சேர்த்துப் பெயர் வைத்தது. திரும்ப எடுக்கும்போது அதை உதறிவிட்டுத் தேடியது. அப்படியொரு ஃபைல் கிடைக்காது. கிடைக்காததைத் திறக்கப் போய்க் குப்புற விழுந்தது.

"அப்போ என் கை ராசி?" என்றாள் அண்ணி.

"உங்க கைக்கு ஒண்ணுமில்ல. எங்க மூளைக்குத்தான்."

அலுவலகத்தில் அவளுடைய டீம் லீடருக்குப் 'பார்க்கலாம்' என்று பெயர். எதைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார். மிளகாய் விஷயத்தைச் சொல்லி முடித்ததும் அவர் துளியும் ஆச்சரியப்படவில்லை.

"தெரிஞ்சதுதான். போன வருஷமே ரெண்டு சென்டர்ல வந்துச்சு. டைப் பண்றவங்க தப்புன்னு எழுதி மூடிட்டேன்."

அவளுக்குக் காது இரண்டும் சுட்டன. "தெரிஞ்சே மூடினீங்களா?"

"அதைத் தொட்டா பழைய ஃபைல் எல்லாத்தையும் சரிபார்க்கணும். யாருக்கு நேரம் இருக்கு? கண்ட எழுத்தையும் ஃபைல் பேர்ல போட்டுட்டு நம்ம உயிரை எடுத்தா எப்படி?"

"கண்ட எழுத்து இல்ல சார். அது ஒருத்தரோட பேரு."

"கோபப்படாதே. அடுத்த பதிப்புல பார்க்கலாம்."

"பார்க்க வேண்டியதை நான் பார்த்துட்டேன்," என்று எழுந்து வந்தாள். தண்ணீர் குடிக்கப் போய், குடிக்காமலே டம்ளரை வைத்த சத்தத்தில் பக்கத்து வரிசை திரும்பிப் பார்த்தது. தப்பு நடந்தது என்றால் அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். ப்ரோகிராம் எழுதுகிறவர்கள் எல்லோரும் தப்பு விடுகிறவர்கள்தான், அவளும் விட்டிருக்கிறாள். இவர் தெரிந்தே அதை முகம் தெரியாத யாரோ ஒரு பெண்ணின் தலையில் கட்டியிருக்கிறார். அந்தப் பெண்ணை இங்கே யாருக்கும் தெரியாது என்கிற தைரியம்.

திருத்தம் ஒன்றும் மலையைப் புரட்டுகிற வேலையில்லை. ஃபைலுக்கு இனி ப்ரோகிராமே ஓர் எண்ணைப் பெயராக வைத்துக்கொள்ளும். நோயாளியின் பெயர், அவர் எழுதியபடியே, ரிப்போர்ட்டுக்குள் இருக்கும். பழைய ஃபைல்களையும் மாற்ற ஒரு சின்ன ப்ரோகிராம் எழுதி, சோதித்து, அவர் மேசைக்கு அனுப்பினாள். பார்க்கலாம் என்றார்.

அந்த வாரமே சென்டரோடு வீடியோ கூட்டம் இருந்தது. திரையில் மேனேஜரும், சென்டரை நடத்துகிற டாக்டரம்மாவும். இந்தப் பக்கம் டீம் லீடரும் மிளகாயும்.

"உங்க ஸ்டாஃப் டைப் பண்றதுல கொஞ்சம் கவனக்குறைவு," என்று டீம் லீடர் தேன் ஒழுகத் தொடங்கினார். "பயிற்சி கொடுத்தா சரியாயிடும்."

"அதைத்தான் நானும் சொன்னேன்," என்றார் மேனேஜர்.

"இல்ல," என்றாள் மிளகாய். டீம் லீடர் மேசைக்கடியில் அவள் காலைத் தட்டினார். அவள் காலை நகர்த்திக்கொண்டாள். "தப்பு எங்களோடது. அந்தம்மா நோயாளியோட பேரைச் சரியா போட்டாங்க. அதைப் படிக்கத் தெரியாம எங்க ப்ரோகிராம் விழுந்துச்சு. அவங்க என் அண்ணி. அதையும் நானே சொல்லிடறேன், பின்னாடி யாரும் கண்டுபிடிச்சுச் சொல்ல வேண்டாம்." அங்கேயே இரண்டு பெயரையும் போட்டு ஓட்டிக் காட்டினாள். ஒன்று ஓடியது, ஒன்று விழுந்தது.

அதுவரை வாய் திறக்காத டாக்டரம்மா கேட்டார்: "இது உங்களுக்கு எப்போ தெரியும்?"

"எனக்கு இந்த வாரம். இவருக்குப் போன வருஷம்."

டீம் லீடர் தொண்டையைச் செருமினார். அந்த ஒரு சொல் அவர் வாயில் வரப்பார்த்து உள்ளேயே போய்விட்டது.

"நான் திரும்பத் திரும்பப் படுக்க வச்சேனே, அவங்களுக்கெல்லாம் யார் பதில் சொல்றது?" என்றார் டாக்டரம்மா.

திருத்தம் மறுநாளே எல்லாச் சென்டருக்கும் போனது. டீம் லீடருக்கு ஒன்றும் ஆகவில்லை. மிளகாயைத்தான், 'சேர்ந்து வேலை செய்யத் தெரியவில்லை' என்று வேறு குழுவுக்கு மாற்றினார்கள். ஏன் என்று எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் மூச்சு விடவில்லை. அந்த மௌனத்தை அவள் மறக்கவும் இல்லை, மன்னிக்கவும் இல்லை.

அண்ணியை மேனேஜர் பின்னறைக்கு வந்து கூப்பிட்டார். "சிஸ்டம் சரியாயிடுச்சு. வந்து உட்காருங்க."

அண்ணி பசைப் புட்டியை மூடினாள். "ராசி பத்தி எல்லார் முன்னாடியும்தானே சொன்னீங்க? அது தப்புன்னும் எல்லார் முன்னாடியும் சொல்லுங்க. வரேன்."

அவருக்கு அது இறங்கவில்லை. கொஞ்ச நாள் வேறு ஆளை வைத்து ஓட்டிப் பார்த்தார். பெயர் தப்பு என்று ரிப்போர்ட்டுகள் திரும்பி வந்து குவிந்ததும், ஒரு காலை வேளையில் ஹாலுக்கு வந்து நின்று, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

ராத்திரிச் சாப்பாட்டில் அண்ணி அதை நடித்துக் காட்டினாள். அண்ணனுக்குச் சிரித்துச் சிரித்துப் புரை ஏறியது. மிளகாய் மட்டும் சிரிக்கவில்லை.

"தரையைப் பார்த்தா சொன்னார்?" என்றாள். "நிமிர்ந்து சொல்லச் சொல்ல வேண்டியதுதானே அண்ணி?"