எங்கள் தெருவின் முதல் கறுப்புக் கோட்டு, என் தங்கை

வீடு தேடி வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தபந்தங்களுக்கும், கோர்ட்டிலிருந்து வந்திருக்கும் வக்கீல் மக்களுக்கும், துறைமுக நண்பர்களுக்கும் என் வணக்கம்.

என் அன்புத் தங்கை எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. எழுதுவதற்குக் குடும்பத்தில் படித்தவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். ஆனாலும் நான்தான் எழுதுவேன் என்று சொல்லிவிட்டேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன்தான். ஆனால் இன்றைக்குப் பதினெட்டு லாரி ஓடுகிறது. ஒன்றைக்கூட யாரும் எனக்குத் தூக்கிக் கொடுக்கவில்லை. ஒரு கட்டுரை எழுதுவதா பெரிய காரியம்? நேரில் 'பாப்பா' என்றே கூப்பிட்டவன், இங்கே 'அவர்' என்று எழுதுகிறேன். அந்த மரியாதையை அவர் சம்பாதித்துக்கொண்டுதான் போனார்.

தங்கை பிறந்தது காரைக்கால் பக்கம் வரிச்சிக்குடியில், வாய்க்காலை ஒட்டிய கூரை வீட்டில். எனக்கும் அவருக்கும் பதினோரு வயது வித்தியாசம். நடுவில் பிறந்தவை எதுவும் தங்கவில்லை. அப்பாவுக்கு இருந்தது மூன்று மா நிலம், ஒரு ஏக்கர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தங்கை ஏழாவது படிக்கும்போது அப்பா தவறிவிட்டார். நான் அதற்கு முன்பே நெல் மூட்டை ஏற்றப் போய்விட்டேன். ஒரு லாரிக்கு நூறு மூட்டை, தனி ஆளாய் ஏற்றியிருக்கிறேன். பார்த்தவர்கள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள், கேட்டுக்கொள்ளலாம்.

பள்ளி இறுதித் தேர்வில் தங்கைதான் முதலாவது. சட்டம் படிக்க வேண்டும் என்றார். பெரியப்பா முகத்தைச் சுளித்தார்.

"பொம்பளப் புள்ள சட்டம் படிச்சு யாருக்குடா வாதாடப் போவுது?"

"எனக்குத்தான். நீங்க வந்தாலும் பீஸ் வாங்காம வாதாடும், கவலப்படாதீங்க" என்றேன்.

புதுச்சேரிக்கு அனுப்பினேன். அந்த வருஷம்தான் அப்பாவின் நிலத்தை விற்று முதல் லாரி வாங்கினேன். லாரி ஓடியது, அவர் படிப்பும் ஓடியது. வீட்டுக்கு வரும்போதெல்லாம் சட்டப் புத்தகத்தை அம்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்டுவார். அம்மா அரிசி புடைத்துக்கொண்டே, "இதுக்கு எம் மாமியா பேச்சு தேவல" என்பார்கள்.

காரைக்கால் அப்போது வேறு ஊர். கோர்ட்டைச் சுற்றி இரண்டு தெருவுக்குள் எல்லா வக்கீலும் அடக்கம். தாத்தா வக்கீல், அப்பா வக்கீல், பேரனும் வக்கீல் என்று அது ஒரு தனிக் கூட்டம். பிரெஞ்சு படித்த பெரியவர்கள் சிலர் இருந்தார்கள். 'டாக்டர் வீடு' என்று சொன்னால் போதும், எந்த டாக்டர் என்று ரிக்‌ஷாக்காரர் கேட்கமாட்டார். மற்றவர்களுக்கெல்லாம் கடை, வயல், கடல், இல்லாவிட்டால் வெளிநாடு.

பிறகு ஊருக்கு வடக்கே துறைமுகம் வந்தது. கப்பலோடு போர்டுகளும் வந்தன. கஸ்டம்ஸ் ஏஜெண்ட், ஆடிட்டர், சர்வேயர், மரைன் இன்ஜினியர் என்று சுவருக்குச் சுவர் போர்டு. கருக்களாச்சேரியில் கட்டுமரத்தில் போனவரின் பிள்ளை வெள்ளைச் சட்டையும் தோளில் பட்டையுமாகக் கப்பலிலிருந்து இறங்கினார். போர்டு எழுதின பெயிண்டர் மாடி வீடு கட்டினார். எனக்கும் ஒரு லாரி ஐந்தாகி, ஐந்து பத்தானது. டயர் அடுக்கியிருந்த முன்னறையைக் காலி செய்து தங்கைக்கு ஆபீஸ் போட்டுக் கொடுத்தேன். எங்கள் தெருவில் தொங்கிய முதல் வக்கீல் போர்டு அதுதான். பெயரைப் பெரிதாக எழுதச் சொன்னது நான்.

துறைமுகம் வந்ததும் நிலத்துக்கு மவுசு ஏறியது. மஞ்சள் பையில் பழைய பத்திரத்தைச் சுருட்டிக்கொண்டு ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். யார் வந்தாலும் தங்கை முதலில் கேட்பது ஒரே கேள்விதான்.

"வீட்டுல பொண்ணுங்க எத்தனை பேரு?"

"அதான் கட்டிக் குடுத்தாச்சேம்மா. சீரெல்லாம் செஞ்சாச்சு."

"சீர் செஞ்சீங்க சரி. கையெழுத்து வாங்கினீங்களா?"

எங்கள் பக்கத்தில் அப்படி யாரும் கேட்டதில்லை. பெண்ணுக்கு நகை போட்டோம், பாத்திரம் கொடுத்தோம், தலைதீபாவளி செய்தோம், அதோடு கணக்கு முடிந்தது என்றுதான் எல்லோரும் இருந்தோம். நான் உட்பட. வந்தவர்களில் சிலர் கோபித்துக்கொண்டு வேறு வக்கீல் போர்டுக்குப் போவார்கள். தங்கை கவலைப்பட்டதில்லை.

அந்தக் கேள்வி ஒருநாள் எனக்கே வந்தது. துறைமுகச் சாலையில் லாரி நிறுத்த ஒரு இடம் பார்த்திருந்தேன். அண்ணன் தம்பி இரண்டு பேர் விற்க ஒத்துக்கொண்டார்கள். ஸ்வீட் பாக்ஸோடு அவர்களை அழைத்துக்கொண்டு ஆபீசுக்குள் போனேன். தங்கை மூலப்பத்திரத்தைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"இவங்க கூடப் பொறந்த அக்கா ரெண்டு பேரு எங்கண்ணே?"

"அவங்க எதுக்கும்மா? நீ எழுது."

"அவங்க கையெழுத்து இல்லாம நான் எழுதமாட்டேன்."

ஆபீஸ் நிறைய ஆள். எனக்கு மானம் போய்விட்டது. "யார் படிக்க வெச்ச படிப்பை யாருகிட்ட காட்டுற? இந்த நாற்காலி, இந்த ரூமு, எல்லாம் யாருது?" என்று தெருவுக்குக் கேட்கக் கத்தினேன்.

தங்கை எழுந்தார். எல்லோரையும் வெளியே உட்காரச் சொல்லிக் கதவைச் சாத்தினார். குரலை உயர்த்தவே இல்லை.

"அப்பா நெலத்தை வித்தீங்களே, அந்தப் பத்திரத்தை நான் ஜூனியரா இருக்கும்போதே நகல் எடுத்துப் பாத்துட்டேண்ணே. மனைவியும் ஒரே மகனும் தவிர வேற வாரிசு யாரும் இல்லைன்னு எழுதியிருக்கு. அந்தப் பத்திரத்துல நான் பொறக்கவே இல்ல."

பத்திரம் எழுதினவர் தானாக எழுதின வரி அது. ஆனால் பதியும் முன் எனக்கு வாசித்துக் காட்டினார். நான் 'சரி' என்று தலையை ஆட்டினேன். விடுதியில் சட்டம் படித்துக்கொண்டிருந்த பெண்ணை, அவள் படிப்புக்காகவும் சேர்த்துத்தான் விற்கிறேன் என்ற நினைப்பில், இல்லை என்று எழுத விட்டேன். அத்தனை வருஷம் அதை மனதில் வைத்துக்கொண்டு என் வீட்டில் சாப்பிட்டார், என் பிள்ளைகளுக்குத் தலை பின்னினார், ஒரு சொல் சொல்லவில்லை.

இரண்டு மாதம் நான் பேசவில்லை. கோபம் என்று வீட்டில் சொன்னேன். கோபமில்லை, முகத்தைப் பார்க்க முடியவில்லை. வேறு ஒருவரிடம் பத்திரம் எழுதிப் பதிவு அலுவலகம் வரைக்கும் போனேன். அங்கே வாசித்தபோது அதே வரி. 'வேறு வாரிசு இல்லை.' என்னால் அதற்குமேல் கேட்க முடியவில்லை. பத்திரத்தைக் கிழித்துவிட்டு, அண்ணன் தம்பியை வண்டியில் ஏற்றிக்கொண்டு அக்காமார் வீட்டுக்கே போனேன். திருநள்ளாற்றில் இருந்த பெரியக்கா பேனாவை வாங்கிக்கொண்டு அழுதார்கள். "என்னை ஒரு வார்த்தை கேக்கணும்னு உங்களுக்குத் தோணுச்சே தம்பி, அது போதும்" என்றார்கள். சாப்பிடாமல் விடவில்லை.

அங்கிருந்து நேரே, கல்யாணமாகித் தங்கை குடியிருந்த வீட்டுக்குப் போனேன்.

"ஒனக்கு என்ன வேணும்னு சொல்லு பாப்பா. லாரி யார்டு எடத்துல பாதி எழுதறேன்."

"எடம் எனக்கெதுக்கு? லாரி கழுவவா?" என்று சிரித்தார். பிறகு சொன்னார்: "நம்ம நெலத்தை வாங்கினவரு புள்ளைங்களுக்கு நாளைக்கு வில்லங்கம் வரக்கூடாது. நான் ஒரு விடுதலைப் பத்திரம் எழுதறேன். நீங்க சாட்சிக் கையெழுத்துப் போடுங்க."

அதைத் தன் கைப்படவே எழுதினார். 'காலமான இன்னாருக்கு ஒரு மகனும் ஒரு மகளும் உண்டு. அந்த மகள் நான். என் பாத்தியதையை முழு மனதோடு விட்டுக்கொடுக்கிறேன்.' பதிவு அலுவலகத்தில் அதை வாசித்தபோது தங்கை அந்த 'மகள் நான்' என்ற இடத்தை மட்டும் இரண்டு முறை வாசித்தார். என் கையெழுத்து எப்போதும் பெரிதாக இருக்கும். அன்றைக்குக் கோணலாகவும் போனது.

அதற்குப் பிறகு அவர் போர்டு ஊரில் இன்னும் உயர்ந்தது. ஜட்ஜுமார் மதித்தார்கள். பள்ளி ஆசிரியரான மாப்பிள்ளை அவருக்கு நல்ல துணை. மகளை இன்ஜினியர் ஆக்கினார், மகன் ஆடிட்டருக்குப் படிக்கிறார். வயிற்றில் கட்டி என்று தெரிந்தபோதும் கட்சிக்காரர்களுக்குத் தவணை சொல்லவில்லை. கடைசி வாரம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஜூனியர் பெண் பத்திரம் வாசிக்க, கண்ணை மூடியபடி, "மூணாவது பொண்ணு பேரு விட்டுப்போச்சு பாரு" என்றார். உண்மையிலேயே விட்டுப்போயிருந்தது.

இரவு பகல் பாராமல் கவனித்த டாக்டர்களுக்கும் நர்ஸ் பிள்ளைகளுக்கும், ரத்தம் கொடுத்த எங்கள் டிரைவர்களுக்கும், சாப்பாடு சுமந்துவந்த அக்கம்பக்கத்து வீடுகளுக்கும், கோர்ட்டில் எழுந்து நின்று அஞ்சலி செய்த வக்கீல் மக்களுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது. மாப்பிள்ளைக்கு நன்றி சொன்னால் கோபிப்பார், ஆனாலும் சொல்கிறேன்.

இந்த மலரின் கடைசிப் பக்கங்களில் எங்கள் வம்சாவளி அச்சாகியிருக்கிறது. அச்சகக்காரர் வழக்கம்போல ஆண்பிள்ளைகளை மட்டும் கோடு போட்டு இறக்கியிருந்தார். திருப்பிக் கொடுத்தேன்.

"பொண்ணுங்க பேரையும் போட்டா ஒரு பக்கத்துல அடங்காதுங்க" என்றார்.

"பக்கத்தைக் கூட்டுங்க" என்றேன்.

நாலு பக்கம் வந்திருக்கிறது. அத்தைமார், சித்திமார், பேத்திமார், பிறந்து மூன்று நாளில் போன பெண் குழந்தை வரைக்கும் தேடித் தேடிச் சேர்த்திருக்கிறேன். இன்னும் எந்தப் பெண்ணின் பெயராவது விட்டுப்போயிருந்தால், சாப்பிட்டுவிட்டு என்னிடம் வந்து சொல்லுங்கள். பேனாவோடு வாசலில்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஒவ்வொரு பிரதியிலும் என் கைப்பட எழுதித் தருகிறேன்.