மேல்ரோட்டில் மினுக்கிய விளக்கு

குந்தா அணைத் தண்ணீரில் கரண்ட் எடுத்துக் கீழ்நாட்டுக்கெல்லாம் அனுப்பிவைக்கிற மலையில் இருந்துகொண்டு, எங்கள் தெருவில் நாங்கள் டார்ச் அடித்து நடந்துகொண்டிருந்தோம். அந்தக் குறை தீரத்தான் புத்திசாலி விளக்குகள் வந்தன. ஆள் இல்லாதபோது மங்கும், யாராவது வந்தால் பளிச்சென்று எரியும். இருட்டிய பிறகு எங்கள் ஊரில் நடமாடுவது காட்டெருமைதான் என்பதால், வெளிச்சம் பெரும்பாலும் அவற்றுக்கே கிடைத்தது.

இதைவிடப் பெரிய வித்தையும் உண்டு. ஒரு வீட்டிலிருந்து ஆம்புலன்ஸுக்குப் போன் போனால், அந்த வீட்டுக்குப் பக்கத்துக் கம்பத்து விளக்கு விட்டுவிட்டு மினுக்கும். டிரைவர் மூடுபனியில் கதவு எண்ணைத் தேடி அலைய வேண்டாம். கடைவீதியில் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கும் என் வீட்டுக்காரர் திறப்பு விழாவில் முதல் வரிசையில் நின்று கைதட்டியவர். அன்றிலிருந்து பல்பு வாங்க வந்தவர்களெல்லாம் சென்சார் புராணத்தைக் கேட்டுவிட்டுத்தான் போக முடிந்தது. "ஏனுங்க, பேசாம நீங்க அந்த லைட்டையே கட்டிக்கிட்டிருக்கலாமுங்க" என்று நான் சொன்னதற்கு அவர் சிரிக்கக்கூட இல்லை.

போன மழைக்காலத்தில் ஒரு நாள், விளக்கு வைக்கும் நேரத்தில் அவருக்கு நெஞ்சு வலித்தது. சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது. பதறிப்போய் போன் செய்தேன். சொல்லிவைத்தாற்போல விளக்கு மினுக்கியது. எங்கே? மேல்ரோட்டில்.

எங்கள் வீட்டுக்கு வழி கீழ்ரோட்டிலிருந்து. மேல்ரோடு எங்கள் ஓட்டுக்கூரைக்கு நேர் மேலே, தேயிலைச் சரிவின் உச்சியில் இருக்கிறது. நடுவில், கொழுந்து பறிக்கிறவர்கள் ஏறும் ஒற்றையடித் தடம் மட்டும்தான். வரைபடத்தில் பார்த்தால் அந்தக் கம்பம்தான் பக்கம். அந்த வரைபடத்தைப் போட்ட மகராசனுக்கு மலை என்றால் மேடு பள்ளம் இருக்கும் என்று யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

அவர் ஜன்னல் வழியே அண்ணாந்து பார்த்தார். "பாத்தியா, வேலை செய்யுது" என்றார். அந்த வலியிலும் அப்படியொரு பெருமை.

ஆம்புலன்ஸ் மேலே வந்து நின்றது. டிரைவர் சரிவின் விளிம்பில் நின்று, "ஏனுங்க, ஊடு எங்கிருக்குதுங்க?" என்று கத்தினார். அவர் காலுக்குக் கீழேதான் இருந்தது. கீழ்ரோட்டுக்கு வர வேண்டுமென்றால் கடைவீதி வரை போய்ச் சுற்ற வேண்டும், அதற்கு நேரமில்லை. ஸ்ட்ரெச்சர் அந்தத் தடத்தில் நுழையாது. பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டு ஆட்கள் நான்கு பேர் என் வீட்டுக்காரரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கினார்கள். நான் போன் வெளிச்சத்தைக் காட்டியபடி முன்னால் ஏறினேன்.

பாதி ஏற்றம் வரை, அந்த விளக்குக்கு எப்படித் தகவல் போகிறது என்று தூக்குகிறவர்களுக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். எனக்கு எரிச்சலான எரிச்சல். "சும்மா வாங்க" என்று அதட்டினேன். சும்மாவே ஆகிவிட்டார்.

திரும்பிப் பார்த்தால் தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. "ஏனுங்க, பேசுங்க. அந்த லைட்டைப் பத்திச் சொல்லுங்க, நான் கேக்கறேன்" என்று அழுதேன். மேலே அது பாட்டுக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "உள்ளே... சிம் கார்டு இருக்குது" என்றார்.

கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் பிழைத்து எழுந்தார். விளக்கு போட்டவர்களிடம் நான் புகார் கொடுத்ததற்கு, விளக்கு சரியாகத்தான் மினுக்கியது என்று பதில் வந்தது. கடைக்கு வருகிறவர்களிடம் இவரும் அதையேதான் சொல்கிறார். நான் இப்போதெல்லாம் குறுக்கே பேசுவதில்லை. சிம் கார்டு வரை சொல்லி முடிக்கட்டும் என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன்.